குரல் அறுவைக்குப் பின் ஐந்தாவது வாரம்: கரகரப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

கேள்வி: வணக்கம். நான் திருநங்கை, வயது 29. குரலைப் பெண்மையாக்கும் குளோட்டோபிளாஸ்டி அறுவை சிகிச்சை செய்து ஐந்து வாரம் ஆகிறது. மருத்துவர் சொன்னபடி முதல் பத்து நாள் வாயே திறக்கவில்லை. இப்போது பேசினால் கரகரவென்று வருகிறது, நடுநடுவே வெறும் காற்றாகப் போகிறது, காலையில் பழைய குரலைவிடத் தடிப்பாக இருக்கிறது. செயலியில் சுருதியைப் பார்த்தால் ஒரு நேரம் 230, ஒரு நேரம் 120 காட்டுகிறது. அறுவை தோற்றுவிட்டதா? அடுத்த வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும். நாள் முழுக்க வாடிக்கையாளர்களுடன் தொலைபேசியில் பேசும் வேலை. சத்தமாகப் பேசாமல் கிசுகிசுத்துச் சமாளிக்கலாம் என்கிறாள் தோழி. மூன்று மாதத்தில் இன்னோர் அறுவைக்கும் நாள் குறித்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

பதில்: ஐந்தாவது வாரத்துக் குரலை வைத்து இந்த அறுவையைப் பற்றி யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கரகரப்பு, காற்று கலப்பது, காலைத் தடிப்பு ஆகிய மூன்றுமே இந்தக் கட்டத்தில் ஒரு குரல் சிகிச்சையாளர் எதிர்பார்ப்பவைதான். இவற்றில் ஒன்றுகூட இல்லை என்று யாராவது வந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் குரல்நாண்களை நீளச் செய்து, தடிக்கவும் வைத்துவிடுகிறது. பிற்பாடு எடுத்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் அவற்றைத் திரும்பச் சுருக்குவதில்லை. ஹார்மோன் சிகிச்சையில் உடல் எவ்வளவோ மாறியும் குரல் மட்டும் அசையாமல் நிற்பது இதனால்தான். குளோட்டோபிளாஸ்டியில் வாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, இரண்டு குரல்நாண்களின் முன்பகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல்தோலை நீக்கி, இரண்டையும் சேர்த்துத் தைக்கிறார்கள். தைத்த இடம் ஒட்டி ஆறியபின் அந்தப் பகுதி அதிராது. பின்னால் மிஞ்சும் குட்டையான பகுதி மட்டுமே அதிரும். வீணைத் தந்தியை மெட்டில் அழுத்தினால் சுருதி ஏறுமே, அதே கணக்கு. ஜெர்மனியைச் சேர்ந்த யூர்கன் வெண்ட்லர் 1990 வாக்கில் விவரித்த முறை இது.

ஆனால் தந்தி வீங்காது, குரல்நாண் வீங்கும். வீங்கிய நாணுக்கு எடை கூடும், எடை கூடினால் மெதுவாக அதிரும். அதாவது நீளம் குறைந்ததால் ஏற வேண்டிய சுருதியை வீக்கம் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. கூடவே, தைத்த இடத்தை ஒட்டிய சவ்வு இன்னும் விறைப்பாக இருப்பதால் இரண்டு நாண்களும் ஒரே மாதிரி அலையாகப் புரள்வதில்லை. கரகரப்பு அங்கிருந்து வருகிறது. நாண்கள் முழுதாகச் சேராத இடைவெளியில் காற்று கசிகிறது. இரவு முழுக்கப் படுத்திருப்பதால் நீர் கோத்து, சளியும் காய்ந்து கிடப்பதால் காலைக் குரல் மோசமாக இருக்கும். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தெளிவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். பொதுவாக இந்தக் கரடுமுரடு இரண்டு, மூன்று மாதத்தில் தணியத் தொடங்கும். ஆறு மாதத்தில் குரல் ஒரு நிலைக்கு வரும். அதன் பிறகும் ஓராண்டு வரை மெல்லத் தெளிந்துகொண்டே போகும்.

மற்றவர்களின் அனுபவத்தோடு ஒப்பிட்டுக் குழம்பியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். குரலுக்கான அறுவைகள் எல்லாம் ஒன்றல்ல. ஜப்பானின் நொபுஹிகோ இஷிகி 1974இல் வெளியிட்ட முறைகளில் ஒன்று, கழுத்தில் வெளியே கீறி, குரல்வளையின் இரண்டு குருத்தெலும்புகளை நெருக்கிக் கட்டி நாண்களை இழுத்து வைப்பது. அதில் முதல் நாளே குரல் உயர்ந்து கேட்கும்; மாதங்கள் போகப்போகக் கட்டு தளர்ந்து பலருக்கு இறங்கிவிடும். உங்களுக்குச் செய்திருப்பது அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். முதலில் அழுது வடியும், பிறகு ஏறும். எனவே "எனக்கு இரண்டாம் வாரமே தேன் மாதிரி வந்தது" என்று யாராவது சொன்னால், அவருக்கு எந்த அறுவை நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, அந்தச் செயலி. அதைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடச் சொல்வேன், குறைந்தது மூன்று மாதத்துக்கு. காரணம் இருக்கிறது. சுருதி காட்டும் செயலிகள் சீராக அதிரும் குரலைத்தான் சரியாகப் படிக்கும். ஆறிவரும் குரல்நாண் ஒன்று விட்டு ஒன்று பலமாகவும் பலவீனமாகவும் அதிரும்போது செயலி இரண்டு அதிர்வுகளை ஒன்றாக எண்ணிவிடுகிறது. 240 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 240 முறை, அதிரும் குரலை 120 என்று காட்டும். நீங்கள் பார்த்து நடுங்கிய அந்த 120 இப்படி வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைவிடப் பெரிய கேடு, எண்ணைப் பார்த்ததும் கை தானாகத் தொண்டைக்குப் போகும், "இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தி" என்று மனம் சொல்லும். ஆறிவரும் தையலுக்கு அந்த அழுத்தம் ஆகாது. தோற்றதா வென்றதா என்று உண்மையிலேயே அறிய வேண்டுமானால் ஸ்ட்ரோபோஸ்கோபி, அதாவது விட்டுவிட்டு மின்னும் ஒளியில் குரல்நாண்களின் அதிர்வைத் திரையில் பார்க்கும் பரிசோதனைதான் வழி. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது தைத்த பகுதி முழுதாக ஒட்டியிருக்கிறதா, பின்பகுதி நன்றாக மூடுகிறதா, தையல் இடத்தில் சதை வளர்ச்சி ஏதும் தெரிகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். தன் குரல்நாணைக் கண்ணால் பார்த்தவர்கள் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

தோழி சொன்ன கிசுகிசுப்பு வேண்டவே வேண்டாம். அடுத்தவருக்குக் கேட்கும்படி கிசுகிசுக்கும்போது பலர் நாண்களுக்கு மேலே உள்ள தசைகளையும் சேர்த்து நெரிக்கிறார்கள். பேச அனுமதி வந்திருந்தால் மென்மையாக, காற்றோடு, குறைந்த ஒலியில் பேசுங்கள். வரவில்லை என்றால் எழுதிக் காட்டுங்கள். நடுவே மூன்றாவது வழி கிடையாது.

கிசுகிசுப்பைவிட மோசமானது கனைப்பு. தையல் போட்ட இடத்தில் சளி தங்கியிருப்பது போல எப்போதும் ஒரு உணர்வு இருக்கும். "ஹ்ஹ்ம்" என்று ஒரு கனைப்புக் கனைத்தால் போய்விடும் என்று தோன்றும். போகாது. அது பெரும்பாலும் வீக்கம், சளியே அல்ல. ஒவ்வொரு கனைப்பிலும் இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று அறைந்துகொள்கின்றன, வீக்கம் கூடுகிறது, மறுபடி கனைக்கத் தோன்றுகிறது. அந்தத் தூண்டல் வரும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, தாடையை நெஞ்சை நோக்கிச் சற்றுத் தாழ்த்தி, அழுத்தி விழுங்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் குரல் சேர்க்காமல் வெறும் மூச்சை "ஹா" என்று வேகமாக வெளியே விடுங்கள். தும்மலை அடக்காமல் வாயைத் திறந்து, சத்தமின்றி விட்டுவிடலாம். இருமல் தொடர்ந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் மருந்து கேளுங்கள்.

எதுக்களிப்பும் இந்தக் கதையில் ஒரு வில்லன்தான். வயிற்று அமிலம் இரவில் மேலேறி ஆறும் புண்ணில் படும். நெஞ்செரிச்சல் தெரியாமலேயே இது நடக்கலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், "எனக்குத்தான் எரிச்சலே இல்லையே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள், கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். வெறும் வெந்நீர் ஆவி பிடிக்கலாம். அதில் மென்தால், தைலம் எதையும் போட வேண்டாம். குளுகுளுவென்று இருக்கும் மென்தால் மிட்டாய்களும் தொண்டையை உலர்த்துபவைதான். புகை, மின்சிகரெட் இரண்டும் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குரல் பயிற்சியைத் தொடங்க மருத்துவர் அனுமதித்துவிட்டால் நான் முதலில் கொடுப்பது உறிஞ்சுகுழல் பயிற்சி. ஒரு கோப்பையில் பாதி தண்ணீர், அதில் உறிஞ்சுகுழலின் நுனி இரண்டு விரற்கடை ஆழம் மட்டும் அமிழ்ந்திருக்கட்டும். உதடுகளால் குழலை இறுக்கி, எந்தச் சுருதி சுலபமாக வருகிறதோ அதில் "ஊ" என்று ஊதுங்கள். குமிழிகள் ஒரே அளவாக, விடாமல் எழ வேண்டும். திக்கித் திக்கி எழுந்தால் மூச்சைத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். தண்ணீரின் எதிரழுத்தம் நாண்களைச் சற்று விலக்கிப் பிடிப்பதால் அவை மோதாமல் அதிரப் பழகுகின்றன. இரண்டு நிமிடம் போதும், ஒரு நாளில் நான்கைந்து முறை. உயரமான சுருதியைத் துரத்த வேண்டாம். குரல் உடைந்தால் உடையட்டும், அதைச் சரிசெய்ய முயலாதீர்கள்.

அறுவைக்கு முன்பு பல ஆண்டுகளாகக் குரலை உயர்த்திப் பேசிப் பழகியிருப்பீர்கள். குரல்வளையை மேலே தூக்கி, தொண்டையை இறுக்கி, எப்போதும் கவனமாக. அந்த இறுக்கம் இப்போது தேவையில்லை, ஆனால் தசைக்கு அது தெரியாது. அறுவை ஏற்றித் தரும் சுருதி பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் அளவுக்கு இருக்கும். அது நீங்கள் இறுக்காமலே வர வேண்டியது. அதன்மேல் பழைய இறுக்கத்தையும் ஏற்றினால் குரல் சோர்ந்து, நெரிந்த மாதிரி கேட்கும். பழையபடி தாழ்ந்த குரலுக்கு இறங்கிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அந்தக் கீழ்ப் படிகளை அறுவை எடுத்துவிட்டது, தேடினால் வலிதான் மிஞ்சும். இன்னொன்று, குரல்நாணுக்கு மேலே உதடு வரையுள்ள குழாயின் நீளத்தை இந்த அறுவை தொடவே இல்லை. கேட்பவர் காதுக்குப் பெண் குரலாகப் படுவதில் அந்தக் குழாயின் எதிரொலிக்கும், பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அது பயிற்சியில்தான் வரும். சுருதி உயர்ந்தும் தொலைபேசியில் "சார்" என்று அழைக்கப்படுபவர்களுக்கு நடப்பது இதுதான். அதற்குரிய பயிற்சியை மூன்றாவது மாதத்துக்குப் பிறகு தீவிரமாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரமே எட்டு மணி நேரம் தொலைபேசியில் பேசும் வேலை என்றால் என் பதில் முடியாது என்பதுதான். மருத்துவரிடம் கடிதம் வாங்கி, சில வாரங்களுக்கு எழுத்து வழி உரையாடல், மின்னஞ்சல் போன்ற பேச்சில்லாத பணியைக் கேளுங்கள். காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "குரல்வளை அறுவை, குரல் ஓய்வு தேவை" என்ற வரி போதும். இந்தக் கட்டத்தில் ஒரு நாள் முழுக்கச் சேர்த்தும் அரை மணி நேரப் பேச்சைத் தாண்டாதீர்கள், அதையும் ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சோர்வு தெரியாவிட்டால் வாரத்துக்கு வாரம் கூட்டலாம். முழுநேரத் தொலைபேசிப் பணிக்கு மூன்று மாதம் முடிந்து, பரிசோதனையும் சரியாக இருந்த பிறகு போவதே நல்லது. அப்போதும் ஒலி முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அது இந்த அறுவையின் இயல்பு. வாய்க்கு அருகே ஒலிவாங்கி உள்ள ஹெட்செட், இரைச்சலில்லாத இருக்கை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம்.

நாக்கு மரத்தது போலவோ சுவை மாறியது போலவோ இன்னும் இருந்தால் கவலை வேண்டாம். அறுவையின்போது கருவி நாக்கை அழுத்தியிருந்ததால் வருவது அது, சில வாரங்களில் போகும். மூச்சு விடும்போது சத்தம் வருவது, மூச்சுத் திணறல், இரத்தம் கலந்த சளி, காய்ச்சலோடு கூடும் வலி ஆகியவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பலமாக இருமியதும் திடீரென்று பழைய குரல் அப்படியே தெளிவாகத் திரும்பினால் தையல் விட்டிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அந்த வாரமே காட்ட வேண்டும். விட்டிருந்தாலும் திசு முழுதாக ஆறிய பிறகு மறுபடி தைக்க வழி உண்டு.

கடைசியாக, அந்த இரண்டாவது அறுவை. நல்ல வேளை, கேட்டீர்கள். சம்பந்தம் உண்டு. முழு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் குழல் செருகுவார்கள். அது உங்கள் குரல்நாண்களுக்கு நடுவே போக வேண்டும், அந்த வழியோ இப்போது முன்பக்கம் மூடிச் சிறுத்திருக்கிறது. விஷயம் தெரியாமல் வழக்கமான அளவுக் குழலைச் செருகினால் ஒட்டிய இடம் கிழிந்துவிடலாம். எனவே குரல் அறுவை செய்த மருத்துவரும் அடுத்த அறுவையின் மயக்க மருந்து நிபுணரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும்படி செய்யுங்கள். இரண்டு அறுவைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அவசரமில்லாத அறுவை என்றால் ஆறு மாதம் வரை தள்ளிப்போடுவதை நான் ஆதரிப்பேன். சிறிய குழல் போதுமா, குழலே செருகாமல் வேறு வகை மயக்கத்தில் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். ஹார்மோன் மருந்தை அறுவைக்கு முன் நிறுத்த வேண்டுமா என்பதையும் அவர்களிடமே விடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த எச்சரிக்கை மூன்று மாதத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. விபத்தில் நினைவில்லாமல் கொண்டுபோனால் உங்களால் எதையும் சொல்ல முடியாது. கழுத்தில் தழும்பும் இல்லாததால் மருத்துவர்களுக்குத் தெரியவும் வராது. "குரல்நாண்களின் முன்பகுதி தைத்து ஒட்டப்பட்டுள்ளது, சிறிய அளவு மூச்சுக்குழல் பயன்படுத்தவும்" என்று ஒரு அட்டையில் எழுதி, அறுவையின் பெயர், தேதியோடு பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் அவசரகால மருத்துவக் குறிப்பிலும் அதையே பதிந்துவிடுங்கள்.