பழைய வெள்ளி, வெண்கலம், எவர்சில்வர்: விற்பதற்கு முன் எழும் கேள்விகள்

பெற்றோர் வாழ்ந்த வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் பாத்திரங்களைப் பற்றியே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்துள்ளன. எந்தப் பொருளை எந்த வகைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே தராசில் வைப்பதுதான் பெரும் இழப்புக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மாமியார் விட்டுச்சென்ற வெள்ளித் தட்டு, டம்ளர், சந்தனப் பேலா, குத்துவிளக்கு ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 2 கிலோ இருக்கின்றன. அன்றைய வெள்ளி விலையில் பாதிக்குச் சற்று மேல்தான் தருவோம் என்கிறார் கடைக்காரர். இது நியாயமா? (வாசகி, திருச்சி)

பதில்: நாளிதழில் வரும் விலை சுத்த வெள்ளிக்கு உரியது. சுத்த வெள்ளி மிக மென்மையானது என்பதால், பாத்திரம் வளையாமல் இருக்கச் செம்பு கலப்பார்கள். நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பதைத்தான் கடைகளில் ‘டச்’ என்கிறார்கள். 80 டச் உள்ள 500 கிராம் தட்டில் சுத்த வெள்ளி 400 கிராம்தான். 925 என்ற முத்திரை இருந்தால் 92.5 டச் என்று பொருள். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமாக இல்லாததால், பழைய பாத்திரங்கள் பலவற்றில் எந்த முத்திரையும் இராது.

குத்துவிளக்கைத் தனியாகப் பாருங்கள். அதன் அடிப்பாகமும் தண்டும் உள்ளீடற்றவையாக இருந்தால், கனத்துக்காகவும் நசுங்காமல் இருப்பதற்காகவும் உள்ளே அரக்கு நிரப்பியிருக்கக்கூடும். அரக்கை நீக்கிய பிறகு வரும் எடையே வெள்ளியின் எடை. இணைப்புகளை ஒட்ட வைத்த பற்றும் டச்சைக் குறைக்கும். ஆகவே விளக்குக்குப் பெரிய கழிவு, அதாவது எடையில் கழித்துக்கொள்ளும் பங்கு, சொன்னால் அது இயல்பே. தட்டுக்கும் டம்ளருக்கும் அதே கழிவைச் சொன்னால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடைபோட்டு, எடை, டச், கழிவு ஆகிய மூன்றையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் விற்க வேண்டாம்.

டச்சைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவி பொருளின் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. முலாம் பூசிய பொருளில் அது உள்ளதைவிடக் கூடுதல் தரத்தைக் காட்டலாம். உருக்கி மாதிரி எடுப்பதே தீர்க்கமான சோதனை. ஆனால் உருக்கிய பிறகு பாத்திரம் திரும்பாது. எனவே குறைந்தது இரண்டு கடைகளின் மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்ட பின்னரே உருக்கச் சம்மதியுங்கள், உருக்குவதும் உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும்.

கேள்வி: வெள்ளி கறுத்துப்போயிருக்கிறது. மெருகேற்றி எடுத்துச் சென்றால் விலை கூடுமா?

பதில்: கூடாது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்வதால் வரும் கறுப்பு மேற்பரப்போடு நின்றுவிடுவது. டச்சை அது மாற்றாது. அழுத்தித் தேய்த்தால்தான் வெள்ளி கரைந்து எடை குறையும். வாசலுக்கு வந்து பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள்; அமிலத்தில் தோய்த்து உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும் ஏமாற்று இது.

கேள்வி: வெண்கலப் பானை, பித்தளை அண்டா, உருளி, ஈயச் சொம்பு ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அவசரப்பட்டு அங்கே போட வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது; வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. வெள்ளீயம் செம்பைவிட விலை கூடியதாகையால் இரண்டையும் ஒரே விலைக்குக் கொடுப்பது நட்டம். விரலால் தட்டினால் வெண்கலத்தின் ஓசை நீண்டு ஒலிக்கும். ஓசை மழுங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று கொள்ளலாம். விரிசல் விட்ட வெண்கலத்தைச் செப்பனிடுவது கடினம் என்பதால் அதை மட்டும் உடைசலாக எடைக்குப் போடலாம்.

நல்ல நிலையில் உள்ள வெண்கலப் பானையையும் உருளியையும் பாத்திரமாகவே விற்க முயலுங்கள். புதிய வார்ப்பு வெண்கலத்தின் விலை உயர்ந்திருக்கும் இந்நாளில், பழைய கனமான பானையைச் சமையலுக்காகவே தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். உடைசல் விலையை அடிமட்ட விலையாக வைத்துக்கொண்டு, பாத்திரக் கடையிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டுப் பார்க்கச் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

ஈயச் சொம்பில் கூடுதல் கவனம் தேவை. ரசம் வைக்க உகந்தது வெள்ளீயச் சொம்பு, காரீயம் நஞ்சு. வெள்ளைத் தாளில் தேய்க்கும்போது பென்சில் போலக் கருங்கோடு விழுந்தால் காரீயக் கலப்பு உண்டு என்று சந்தேகிக்க வேண்டும். அத்தகைய சொம்பைச் சமையலுக்கென்று யாருக்கும் விற்காதீர்கள்.

கேள்வி: எங்கள் எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கிறது. அதனால் விலை குறையுமா?

பதில்: எடைக்குப் போடும்போது பெயர் ஒரு பொருட்டே அல்ல, பாத்திரமாக விற்றால் சிலர் தயங்குவார்கள். எவர்சில்வரில் எப்படியும் பெரிய தொகை வராது. காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்: ஒட்டினால் நிக்கல் மிகக் குறைவான மலிவு ரகமாக இருக்கக்கூடும், ஒட்டாவிட்டாலும் உயர்ந்த ரகம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனெனில் மாங்கனீசு கலந்த மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது.

கேள்வி: திருமணப் பரிசாக வந்த தஞ்சாவூர்த் தட்டும் ஜெர்மன் சில்வர் தாம்பாளமும் வெள்ளி விலைக்குப் போகுமா?

பதில்: இரண்டும் போகா. ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. தஞ்சாவூர்த் தட்டில் பித்தளைத் தட்டின் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டு உருவங்களைப் பதித்திருப்பார்கள். உருக்கினால் கைவேலை வீணாகும். கைவினைப் பொருளாகவே விற்பதுதான் சரி.

கேள்வி: கொள்ளுப்பாட்டி காலத்து விளக்கை வெளிநாட்டில் வாழும் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். அனுப்பலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வயது நிச்சயமில்லை என்றால், தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று பெறாமல் அனுப்பாதீர்கள். உங்கள் ஊரிலேயே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. மங்கு எனப்படும் பீங்கான் சாமான்களையும் ஐரோப்பிய எனாமல் பாத்திரங்களையும்கூட அங்கே வாங்குகிறார்கள். அங்கே கொண்டுபோகும் எதையும் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பழமையின் நிறத்துக்குத்தான் சேகரிப்பாளர் பணம் தருகிறார்.

கேள்வி: பணத்தை ரொக்கமாகவே வாங்கிக்கொள்ளலாமா? வரி உண்டா?

பதில்: ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வங்கி வழியாகப் பெறுங்கள். பழையதைக் கொடுத்துப் புதிய வெள்ளி வாங்கினால், புதியதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கொலுசு போன்ற வெள்ளி நகைகளை விற்றால் மூலதன ஆதாய வரி எழக்கூடும்; 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தவற்றுக்கு அது 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியவற்றுக்கு அந்நாளின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம். வீட்டில் புழங்கிய வெள்ளிப் பாத்திரங்களைச் சொந்த உபயோகப் பொருளாகக் கருதி விலக்குக் கோர இடமிருப்பதால், தொகை பெரிதானால் விற்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள். விற்பனைச் சீட்டையும், முடிந்தால் பாத்திரங்களின் புகைப்படத்தையும் சேர்த்து வைத்திருங்கள்.