ஜெனீவாவுக்கு மனு அனுப்பத் தரகர் எதற்கு?

கேள்வி: நான் 2006-இல் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தனான். இப்ப தாரமங்கலம் பக்கம் மறுவாழ்வு முகாமில் இருக்கிறன். என்ர தம்பியை 2009 மே 18 அன்று வட்டுவாகல் பாலத்தடியில் அம்மாவே கூட்டிக்கொண்டு போய் ஆமியிட்ட ஒப்படைச்சவ. பேர் பதிஞ்சிட்டு விட்டுடுவம் எண்டு சொன்னவங்கள். அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தேடி அலைஞ்ச அம்மாவும் போன வருசம் இறந்துபோயிட்டா. சேலத்தில் ஒருத்தர், நாற்பதாயிரம் தந்தால் ஜெனீவாவில் கேஸ் போடலாம், சுவிஸ் விசாவும் கிடைக்கும், மார்ச்சுக்கு முதல் தரவேணும் எண்டு சொல்லுறார். தம்பியின்ர போட்டோவும் அசல் பேப்பரும் கேக்கிறார். குடுக்கலாமோ? இந்தியாவில இருந்துகொண்டு நான் போடலாமோ? முகாமில் பிரச்சினை வருமோ?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. பணத்தையும் கொடுக்காதீர்கள், காகிதத்தையும் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அது போகட்டும். தம்பியின் படம் இன்னும் உங்கள் கையில் இருந்தால் அதை விடாதீர்கள்.

நீங்கள் மனு அனுப்ப வேண்டிய இடம், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு. 1980-இல் அமைத்தது. ஐந்து நிபுணர்கள், வருடத்துக்கு மூன்று முறை கூடுகிறார்கள். அங்கே மனுக் கொடுக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம், நோட்டரி வேண்டாம், நூறு ரூபாய் முத்திரைத் தாளும் வேண்டாம். அஸ்தம்பட்டியில் கோர்ட் வாசலில் உட்கார்ந்திருக்கும் நானே சொல்கிறேன், இதற்கு என்னைப் போன்றவர்கள் தேவையில்லை. இணையத்தில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் பக்கத்தில் படிவம் இருக்கிறது. நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பலாம், தபாலிலும் போடலாம்.

படிவம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில் ஒன்றில் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் எடுக்க மாட்டார்கள். பெற்ற பிள்ளையைத் தொலைத்த தாய்மார்களில் எத்தனை பேருக்கு இந்த மூன்று மொழிகளில் ஒன்று தெரியும்? தரகன் நுழைகிற சந்து இதுதான். முகாமில் கல்லூரி போகிற பிள்ளைகள் இருப்பார்கள், ஒரு மாலை உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். அலங்கார ஆங்கிலம் வேண்டாம். தம்பியின் முழுப்பெயர், எந்த நாள், எந்த இடம், யார் கொண்டுபோனது, அதன்பிறகு குடும்பம் எங்கெல்லாம் தேடியது. இந்த ஐந்தும் இருந்தால் மனு நிற்கும்.

இந்தியாவிலிருந்து போடலாமா என்றால், தாராளமாக. குற்றச்சாட்டு இலங்கை அரசின் மேல். அனுப்புகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது கணக்கில் வராது. நீங்கள் கூடப்பிறந்தவர், அதனால் வேறு யாருடைய சம்மதமும் வேண்டாம். காலக்கெடுவும் இல்லை. மூன்று மாதத்துக்குள் நடந்தது என்றால் அவசர வழி, அதற்கு முந்தியது என்றால் சாதாரண வழி, அவ்வளவுதான். உங்கள் பெயரை ரகசியமாக வைக்கும்படி படிவத்திலேயே கேட்கலாம். ஒரு கடிதம் அனுப்ப முகாம் அதிகாரியின் அனுமதி தேவையில்லை. பயப்படாதீர்கள்.

அந்த மார்ச் மாதக் கதைக்கு வருகிறேன். மார்ச்சில் ஜெனீவாவில் கூடுவது மனித உரிமைகள் பேரவை. 47 நாடுகள் உட்கார்ந்து பேசும் சபை அது. அங்கே தனிமனிதரின் மனுவைக் கொண்டுபோய் யாரும் மேசையில் வைக்க முடியாது. செயற்குழு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "மார்ச் போய்விட்டால் கதவு சாத்திவிடும்" என்று மிரட்டுவது இவர்களின் பழைய வித்தை. விசா அதைவிடப் பெரிய பொய். செயற்குழு யாருக்கும் விசா கொடுப்பதில்லை, அகதி அந்தஸ்தும் கொடுப்பதில்லை. சென்னையில் இருக்கிற ஐ.நா. அகதிகள் ஆணைய அலுவலகம் தனி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு அம்மா வந்தார். இதே போல ஒருவரிடம் மகனின் ஒரே படத்தையும் கிராம சேவகர் கொடுத்த கடிதத்தையும் கொடுத்திருந்தார். ஆள் போனை மாற்றிவிட்டான். அவர் கையில் மிச்சம் இருந்தது ஒரு ஜெராக்ஸ். அதில் பையனின் முகம் ஒரு கறுப்புத் திட்டு. ஒரு காதும் சட்டைக் காலரும் மட்டும் தெரிந்தன. அந்தக் காலரைத் தடவித் தடவிக் காட்டினார், "நான்தான் தைச்சுக் குடுத்தனான்" என்று. பணம் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் அசலைக் கொடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கேட்பவர் ஐ.நா.விலிருந்தே வந்தேன் என்றாலும் கொடுக்காதீர்கள். செயற்குழுவுக்கு நகல் போதும்.

இனி ஒரு விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள், உங்களுக்கு இதுதான் முக்கியம். உங்கள் அம்மா உயிரோடு இருந்தபோதே தம்பியின் பெயர் ஜெனீவாவுக்குப் போயிருக்கலாம். வன்னியில் பிள்ளையைத் தேடிய தாய்மார் கையெழுத்துப் போடாத படிவம் இல்லை. செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமை ஆணைக்குழு, 2013-இல் ஜனாதிபதி அமைத்த ஆணைக்குழு, 2016-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த காணாமல் போனோர் அலுவலகம், இவை போக ஊருக்குள் வந்து படிவம் நிரப்பிய தொண்டு நிறுவனங்கள். இதில் அரசு அலுவலகத்தில் கொடுத்தது தானாக ஜெனீவா போகாது. தொண்டு நிறுவனம் வாங்கியது போயிருக்கக்கூடும். அப்படிப் போயிருந்தால் நீங்கள் புதுமனு போடக்கூடாது. ஒரே ஆள் இரண்டு பேராகப் பதிவாகிவிடுவார். அப்பா பெயர் முன்னால் ஒரு மனுவில், பின்னால் இன்னொன்றில், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றிலும் ஒரு விதம் என்றால், எது யார் என்று பிரித்துப் பார்ப்பதிலேயே காலம் போய்விடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. செயற்குழு தகவல் அனுப்புவது மனுக் கொடுத்தவருக்கு. அம்மா பெயரில் மனு இருந்தால், கடிதங்கள் இறந்துபோனவரின் விலாசத்துக்கே போய்க்கொண்டிருக்கும். தொடர்ந்து பேச ஆள் இல்லை என்று தெரிந்தால் வழக்கைப் பரிசீலிப்பதை அவர்கள் நிறுத்திவிடவும் முடியும். அதனால் முதலில் ஊரில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி, அம்மா வைத்திருந்த பையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டுச்சீட்டு, பதிவு எண், ரசீது எது இருந்தாலும் போனில் படம் எடுத்து அனுப்பட்டும். எதுவும் கிடைக்காவிட்டால் செயற்குழுவுக்கே எழுதிக் கேளுங்கள்: இந்தப் பெயர், இந்த நாள், வட்டுவாகல், ஏற்கெனவே பதிவு உண்டா என்று. உண்டு என்றால், "மனுக் கொடுத்த என் தாய் இறந்துவிட்டார், இனி நான் தொடர்பில் இருப்பேன்" என்று எழுதுங்கள். இல்லை என்றால் புதுமனு.

இன்னொரு பொறி: "ஐ.நா. கோர்ட்டில் ஜெயித்துத் தருகிறேன்" என்பவர்கள். செயற்குழு கோர்ட் இல்லை. தீர்ப்புச் சொல்லாது, நஷ்டஈடு வாங்கித் தராது. ஐ.நா.வில் மனித உரிமைக் குழு என்று ஒன்று தனியாக இருக்கிறது. உள்ளூர் கோர்ட்டுகளில் முடிந்ததை எல்லாம் செய்துவிட்டு அங்கே போகலாம். போனவரின் கதையைச் சொல்கிறேன். நல்லரத்தினம் சிங்கராசா வழக்கில் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று 2004-இல் அந்தக் குழு சொன்னது. 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அந்தக் குழுவிடம் முறையிடும் உரிமையை மக்களுக்கு ஜனாதிபதி ஒப்புக்கொண்டதே அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. உலகத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்து, ஊருக்குள் செல்லாது!

மனுப் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செயற்குழு உங்கள் தம்பியின் பெயரை இலங்கை அரசுக்கு அனுப்பி, இவர் எங்கே, விசாரித்துச் சொல் என்று கேட்கும். தம்பிக்கு என்ன ஆனது என்று தெளிவாகும்வரை வழக்கு திறந்தே இருக்கும். இலங்கை மேல் இப்படித் திறந்து கிடப்பவை 6,000-க்கும் மேல். 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு, போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2015-இல் இன்னொரு விசாரணை அறிக்கை. அதன்பிறகு தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். 2021-இல் பேரவையின் 46/1 என்ற தீர்மானம் வந்தபிறகுதான் ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஒரு தனிப்பிரிவே வந்தது. கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் 2017 பிப்ரவரி 20-இல் தாய்மார் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். "கவலை தெரிவிக்கிறோம்" என்ற வாசகத்தை ஜெனீவாவின் காகிதங்களில் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனாலும் மனுப் போடுங்கள். பதிவில் இல்லாத பெயரைப் பற்றி எந்த அரசும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே இருக்கிற காணியை உங்கள் பெயருக்கு மாற்ற, தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். 2016-இல் சட்டம் திருத்தி, காணாமல் போனதற்கு என்றே தனிச் சான்றிதழ் கொண்டுவந்திருக்கிறார்கள். செத்துவிட்டார் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காமலே அதை வாங்கலாம்.

மனுவோடு அம்மாவின் மரணச் சான்றிதழ் நகலையும் வையுங்கள். தம்பியின் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் போனில் எடுங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். பெயரை அவருடைய அடையாள அட்டையிலோ பள்ளிச் சான்றிலோ இருந்த அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். அனுப்பியதன் ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் குடும்பத்தில் இளையவர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.