பதில் சொல்லியே தோக்குறது

வணக்கம் மேடம். ஆபீஸ்ல ஒரு புது ஐடியாவ மேனேஜ்மென்ட் முன்னாடி பிரசன்ட் பண்ணேன். "இருக்குற கஸ்டமர் போயிட்டா?", "செலவு எகிறிட்டா?" இப்படியேதான் கேட்டாங்க. எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொன்னேன். கடைசில "பாப்போம்"னு முடிச்சிட்டாங்க. எனக்கு சன்னமான குரல். வாய்ஸ் ட்ரெய்னிங் போனா சரியாகுமா?
(பேர் வேண்டாம்)

அன்புள்ள தோழிக்கு,

குரலுக்கு ஒண்ணும் இல்ல, விடுங்க. 2014ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, முதலீடு கேக்குற ஒரே பேச்ச, ஒரு வார்த்தை மாறாம ஆண் குரல்லயும் பெண் குரல்லயும் கேக்க வெச்சாங்க, 68 சதவீதம் பேர் ஆண் குரல் சொன்னதத்தான் தேர்ந்தெடுத்தாங்க. இதுக்கு நீங்க எந்த கிளாஸுக்குப் போவீங்க?

உங்க லெட்டர்ல என்னைப் பிடிச்சு நிறுத்துனது அந்தக் கேள்விங்கதான், கொஞ்ச நாளாவே மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு. டானா கேன்ஸ்ங்கிற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும், புதுசா கம்பெனி ஆரம்பிச்சவங்க முதலீட்டாளர்கள் முன்னாடி ஐடியா சொல்ற, நியூயார்க்ல நடந்த டெக்க்ரன்ச் டிஸ்ரப்ட் போட்டியோட கேள்வி பதில எல்லாம் உக்காந்து அலசி 2017ல எழுதினாங்க. ஆண்கள்கிட்ட கேட்டதுல 67 சதவீதம் "எப்படி வளருவீங்க" ரகம், பெண்கள்கிட்ட கேட்டதுல 66 சதவீதம் "நஷ்டம் வந்தா என்ன பண்ணுவீங்க" ரகம். கேட்ட முதலீட்டாளர்கள்ல பெண்களும் இதையேதான் செஞ்சாங்க, அதனால மேனேஜ்மென்ட்ல ஒரு லேடி இருந்தா சரியாயிடும்னு நெனைக்காதீங்க.

இப்ப திட்டப் போறேன். "எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொன்னேன்"னு என்னமோ பெருமையா எழுதிருக்கீங்களே, அங்கதான்மா கவுந்தீங்க! பரீட்சையா நடந்துச்சு, கேட்ட கேள்விக்கு கேட்ட மாதிரியே எழுதுறதுக்கு? நஷ்டத்தப் பத்தி கேட்டா நஷ்டத்தப் பத்தியே பேசி, அடுத்த கேள்விக்கு இன்னொரு நஷ்டம், இப்படியே போனா ரூம விட்டு வெளிய போறவங்க மனசுல ஐடியா இருக்காது, பயம்தான் இருக்கும். அதே ஆய்வுல, நஷ்டக் கேள்விக்கு வளர்ச்சிய வெச்சு பதில் சொன்னவங்களுக்கு பல மடங்கு அதிகமா பணம் கெடச்சிருக்கு.

என்கூட வேலை பார்த்த ஒரு அக்கா இதுல கில்லாடி. அவங்க இந்த ஆய்வு எதையும் படிச்சதில்ல, ஆய்வே அப்ப வரல. "கஸ்டமர் போயிட்டா?"ன்னு பாஸ் கேட்டார்னா, "போறவங்கள நிறுத்தத்தான் சார் இது, நின்னவங்க இன்னும் ரெண்டு பேர கூட்டிட்டு வருவாங்க, அந்தக் கணக்கு அடுத்த பக்கத்துல இருக்கு"ன்னு பேப்பர அவர் பக்கம் தள்ளுவாங்க. கேள்வியத் தட்டிக் கழிக்கவும் மாட்டாங்க, அதுலயே உக்காந்திருக்கவும் மாட்டாங்க. எனக்கு அவங்க மேல பயங்கர பொறாமை (இப்பவும்தான்).

உங்ககிட்ட வந்த கேள்வி ஒவ்வொண்ணுக்கும் இந்த மாதிரி ரெண்டு வரி எழுதிப் பாருங்க, முதல் வரி அவங்க பயத்துக்கு, ரெண்டாவது வரி வளர்ச்சிக்கு. ஆமா, "பாப்போம்"னாங்களே, எப்பன்னு கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. தேதி கேட்டு நாளைக்கே ஒரு மெயில் போடுங்க, "மன்னிக்கவும்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.