குலுக்கல் சீட்டும் மருந்துச் சீட்டும்

அன்புள்ள ஐயா,

கொரோனா மருந்து ஆராய்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதியினருக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2021 மே முதல் வாரம் என் தாய்மாமா ஆக்சிஜன் படுக்கையில் இருந்தார். பிளாஸ்மா ஏற்பாடு செய்யுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கொரோனா வந்து குணமானவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் நீர்ப்பகுதிதான் அது. அப்படிப்பட்டவர்களைத் தேடி வாட்ஸாப் குழு குழுவாகக் கெஞ்சினோம். ஒரு யூனிட் கிடைத்தது. இரண்டாவது கிடைப்பதற்குள் மாமா போய்விட்டார். அதே மாதம் 17ஆம் தேதி, பிளாஸ்மாவைச் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்படியானால் எங்களை வைத்துச் சோதனை செய்தார்களா? உயிருக்குப் போராடுகிறவரை வைத்துக் குலுக்கல் போடுவது கொடுமை இல்லையா? நாளை என் வீட்டில் ஒருவரை ஆய்வில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்டால் என்ன சொல்வது?

இரா.,
திண்டுக்கல்

அன்புள்ள இரா.,

நீங்கள் கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த இரண்டாவது யூனிட் நேரத்துக்கு வந்திருந்தாலும் மாமா பிழைத்திருப்பார் என்று நம்ப ஆதாரம் இல்லை. உங்கள் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இப்படி உறுதியாகச் சொல்ல முடிவதே நீங்கள் கொடுமை என்று நினைக்கும் அந்தக் குலுக்கலால்தான்.

2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 'பிளாசிட்' என்ற ஆய்வைத் தொடங்கியது. நாடு முழுவதும் 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. குலுக்கலில் வந்த 235 பேருக்கு மட்டும் கூடுதலாகப் பிளாஸ்மா. 28 நாளில் நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா பெற்றவர்களில் 44 பேர், பெறாத 229 பேரில் 41 பேர். வித்தியாசம் இல்லை. கொடையாளர்களின் பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம்) போதவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள், அது நியாயமான கேள்விதான். பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு எதிர்ப்பொருள் செறிந்த பிளாஸ்மாவை எடுத்து, பதினோராயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தது. இரு பக்கமும் இறப்பு 24 சதவீதம்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். ஐசிஎம்ஆர் முடிவு 2020 அக்டோபரில் அச்சில் வந்துவிட்டது. ரெகவரி முடிவு 2021 ஜனவரியில் தெரிந்துவிட்டது. உங்கள் கையில் சீட்டு வந்தது மே மாதம். உங்களை வைத்து யாரும் ஆய்வு செய்யவில்லை, இரா. ஆய்வு சொன்ன பதிலைக் காதில் வாங்காமல் உங்களை அலைய விட்டார்கள். உங்கள் கோபம் முழுக்க நியாயம். அது போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்.

பிளாஸ்மாவை நம்பியதில் முட்டாள்தனம் ஏதும் இல்லை. 1890களிலேயே தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்ப்பொருள் சீரம் கொடுத்து உயிர் காத்திருக்கிறார்கள். ஆனால் கொரோனாவில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வரும் நேரத்தில் பலருக்குச் சொந்த உடம்பிலேயே எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. அந்தக் கட்டத்தில் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் வைரஸ் அல்ல, உடம்பின் சொந்த எதிர்ப்பாற்றல் கட்டுமீறி மூட்டிய அழற்சி. (அர்ஜென்டினாவில் முதியவர்களுக்கு அறிகுறி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் செறிந்த பிளாஸ்மா கொடுத்தபோது பலன் கிடைத்தது. மாமா இருந்தது அந்தக் கட்டத்தில் அல்ல.) அமெரிக்காவில் 2020 ஆகஸ்டுக்குள் எழுபதாயிரம் பேருக்கு மேல் பிளாஸ்மா ஏற்றியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, குலுக்கலில் பிளாஸ்மா கிடைக்காத ஒரு பிரிவு அதில் இல்லை. பலன் உண்டா என்ற கேள்விக்கு அந்த எழுபதாயிரத்தால் உறுதியான பதில் தர முடியவில்லை, நம் 464 பேரால் முடிந்தது.

கட்டிலருகே நிற்கும் மருத்துவரின் கண்ணுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. டெக்ஸாமெத்தசோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் இறுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கும், விலை மிகக் குறைந்த ஸ்டீராய்டு. கொரோனாவுக்கு இது கூடுமா கூடாதா என்று 2020 தொடக்கத்தில் மருத்துவர்களே இரண்டு கட்சியாக இருந்தார்கள். ரெகவரி குலுக்கல் போட்டது: 2104 பேருக்கு தினம் 6 மில்லிகிராம், 4321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஜூன் 16 அன்று முடிவை அறிவித்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்திருந்தது. ஆக்சிஜனில் இருந்தவர்களிடம் 26.2லிருந்து 23.3. நூற்றுக்கு மூன்று உயிர். ஒரு வார்டில் எத்தனை அனுபவசாலி நின்றாலும் இந்த மூன்று கண்ணில் படாது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடமோ பலன் இல்லை. மருந்து பெற்றவர்களில் 17.8, பெறாதவர்களில் 14 சதவீதம் இறந்தார்கள். தீங்கு என்று அடித்துச் சொல்லும் அளவு வித்தியாசம் அல்ல, ஆனால் எச்சரிக்கை. நம் ஊரில் இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். சர்க்கரை நோயோடு அதுவும் சேர்ந்து, கருப்புப் பூஞ்சையில் கண்ணை இழந்தவர்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

குலுக்கல் நமக்கு அந்நியமும் அல்ல. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கியது, இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது. காசநோய் என்றால் சானடோரியத்தில் (மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) சேர வேண்டும், காற்றோட்டம், ஓய்வு, நல்ல சாப்பாடு இல்லாமல் குணமாகாது என்று உலகமே நம்பிய காலம். சென்னையின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 பேரைக் குலுக்கலில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கு, மற்றவர்கள் அதே மாத்திரைகளோடு வீட்டுக்கு. சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் மேல். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குத் தொற்று கூடவும் இல்லை. 1959இல் அது வெளியான பிறகு, வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது உலகம் முழுவதும் வழக்கமானது. எத்தனை அப்பாக்கள், அம்மாக்கள் பிள்ளைகளைப் பிரியாமல் குணமானார்கள்! அந்த 193 பேருக்கு நாம் பட்ட கடன் பெரியது.

கையெழுத்து விஷயம். போடச் சொல்லவோ மறுக்கச் சொல்லவோ மாட்டேன். விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வழக்கமான சிகிச்சை இரு பிரிவுக்கும் கிடைக்குமா? நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்கிறதா? இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன? ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் செலவு யாருடையது? படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். பாதியில் விலகினாலும் சிகிச்சை நிற்கக் கூடாது. இவை எல்லாம் உங்கள் உரிமைகள், கேட்கத் தயங்காதீர்கள். அவர்கள் சொல்லும் எண்ணை வைத்து அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். தேடிப் பார்த்துப் புரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.

அன்புடன்.