டிவிடி, ப்ளூரே, 4கே என்று மாறிக்கொண்டே இருக்கும்போது இன்னும் டிஸ்க் வாங்கிச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் வடிவம் மாறும்போதெல்லாம் அதே படத்தை மறுபடி வாங்கத் தேவையில்லை. நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில், கல்யாணமாகி இங்கே வந்தவன். எங்கள் வீட்டில் டிஸ்க்கின் மதிப்பைத் தீர்மானிப்பது படத்தின் துல்லியம் அல்ல, சப்டைட்டில்தான்.

என் மனைவி வீட்டார் நாலைந்து தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர்கள். மாமியார் தேவாரம் தப்பில்லாமல் பாடுவார், ஆனால் படத்தில் வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடும். பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976 ஜனவரியில்தான். அதே வருடம்தான் ஜப்பானில் விஎச்எஸ் வீடியோ கேசட் விற்பனைக்கு வந்தது. இந்தியாவோ 1946-லிருந்து தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தி வைத்திருந்தது. அதனால் யாராவது லண்டன் போய்த் திரும்பினால்தான் பெட்டியில் தமிழ்ப் படக் கேசட் வரும், ஆயா (பாட்டி) பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னால்தான் புரியும் என்பார் மாமனார். அப்புறம் வந்த விசிடியும் (வீடியோ சிடி) இதற்கு உதவவில்லை. தனி சப்டைட்டில் வசதி அதில் கிடையாது. படத்தின் மேலேயே பதித்திருந்தாலும், 352க்கு 288 புள்ளியில் எழுத்தெல்லாம் அப்பிக்கொண்டு தெரியும். டிவிடி வந்த பிறகுதான் வீடே சேர்ந்து உட்கார்ந்து தமிழ்ப் படம் பார்த்தது.

அதனால் நான் டிஸ்க் வாங்கும்போது முதலில் கவனிப்பது, பாட்டுக்கும் சப்டைட்டில் போட்டிருக்கிறார்களா என்பதைத்தான். பல டிஸ்க்குகளில் பாட்டு தொடங்கியதும் எழுத்து நின்றுவிடும். பாட்டிலேயே கதை நகரும் படமாக இருந்தால் போச்சு, பக்கத்திலிருந்து “என்ன சொல்றாங்க?” என்று ஆரம்பிப்பார்கள். மூன்று படத்தை ஒரே டிவிடியில் அடைத்து விற்பதையும் தொடமாட்டேன். 4.7 ஜிபியை மூன்றாகப் பிரித்தால் ஒரு படத்துக்கு ஒன்றரை ஜிபிதான் தேறும், கூட்டக் காட்சி வந்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும்.

இங்கே இன்னொரு தொல்லை உண்டு. ஒரு மண்டலத்து டிஸ்க் வேறு மண்டலத்து ப்ளேயரில் ஓடாதபடி உலகைப் பிரித்துப் பூட்டு வைத்திருக்கிறார்கள். டிவிடி மண்டலக் கணக்கில் தென்னாப்பிரிக்கா 2, இந்தியா 5. ப்ளூரேயில் நாம் பி, இந்தியா சி. சென்னையில் ஆசையாக வாங்கிய டிஸ்க் இங்கே ஓடாமல் போக வாய்ப்பு உண்டு. எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக வந்த தமிழ் டிவிடிகள் நிறைய இருப்பது நம் அதிர்ஷ்டம். கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும். இது போதாதென்று, பல இந்திய டிவிடிகள் என்டிஎஸ்சி (NTSC) என்ற ஒளிபரப்பு முறையில் இருக்கும். எங்கள் பழைய டிவி பிஏஎல் (PAL) என்ற வேறு முறை மட்டுமே அறிந்தது. கலர்ப் படம் கறுப்பு வெள்ளையில் ஓட, மாமியார் “பழைய படமா தம்பி?” என்று கேட்டார். 4கே டிஸ்க்கில் இந்த மண்டலப் பூட்டே கிடையாது. அதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சரி, எதை மறுபடி வாங்கலாம்? ஃபிலிமில் எடுத்து, நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்த படமென்றால் ப்ளூரேயோ 4கேயோ காசுக்குத் தகும். 2கே-யில் (4கே-யின் கால்வாசிப் புள்ளிதான்) முடித்த படத்தை 4கே என்று விற்றால் கூடுதல் விவரம் எங்கிருந்து வரும்? எப்படியும் தமிழ்ப் படங்கள் ப்ளூரேயில் வந்ததே கொஞ்சம், எனவே நம் அலமாரியில் டிவிடிதான் நிற்கும். நிற்கட்டும். ஸ்ட்ரீமிங்கில் உரிமைக் காலம் முடிந்தால் படம் காணாமல் போகும். கரண்ட் போகிற நாளில் நெட்டும் தடுமாறும், ஆனால் இன்வெர்ட்டரில் டிவியும் ப்ளேயரும் ஓடும்.

அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளியாக இருந்தால் பெரும்பாலும் ஆலையில் அச்சிட்டது, சும்மா இருந்தாலே பல வருடம் நிற்கும். ஊதாச் சாயல் அடித்தால் கணினியில் எழுதியது, அதிலுள்ள சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். கல்யாணம், காவடி, பிறந்தநாள் எல்லாம் இந்த ஊதா டிஸ்க்கில்தான் இருக்கும். சினிமா டிஸ்க் கெட்டால் இன்னொன்று கிடைக்கலாம், இவை கிடைக்காது. இவற்றை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். கேசட் இருந்தால் அதற்கும் முன்னால். கடற்கரை ஈரத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், அப்படியே வீடியோ டெக்கில் போட்டால் டெக்கும் கெடும். புது டெக்கும் வாங்க முடியாது, கடைசியாகத் தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016-இல் நிறுத்திவிட்டது.

ப்ளேயரும் அதே வழியில்தான் போகிறது. ஓப்போ 2018-லும் சாம்சங் 2019-லும் விலகிக்கொண்டன. ஆகவே அடுத்த டிஸ்க்குக்கு வைத்திருக்கும் பணத்தில், 4கே, ப்ளூரே, டிவிடி மூன்றையும் ஓட்டும் ப்ளேயர் ஒன்று வாங்குங்கள். டிவிடிக்கு மண்டலப் பூட்டைத் திறக்க முடியுமா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.