ஊர் நூலகத்தில் நம் கதையைச் சொல்ல ஒரு சிறு நல்கை

வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், அமெரிக்க மாநிலங்களில் இயங்கும் ஹியூமானிட்டீஸ் கவுன்சில்கள் ஊர்ப்புற அமைப்புகளுக்கு வழங்கும் சிறு நல்கைகளை (திருப்பித் தர வேண்டாத நிதியுதவி, 'கிராண்ட்') பற்றி ஒரு பத்தி மட்டும் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஞாயிறுதோறும் எங்கள் ஊர் நூலகத்தில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். 1970களில் இங்கு வந்து குடியேறிய பெரியவர்களின் நினைவுகளைப் பிள்ளைகளைக் கொண்டு ஒலிப்பதிவு செய்து, ஊரார் முன்னிலையில் மூன்று நிகழ்ச்சிகளாக நடத்த எண்ணுகிறோம். ஹியூமானிட்டீஸ் கவுன்சிலைக் கேட்டுப் பாருங்கள் என்று நூலகர் சொன்னார். அது என்ன அமைப்பு? நம்மைப் போன்றவர்களுக்கும் தருவார்களா?
– வாசகி, ராலே, வட கரோலினா

பதில்: தருவார்கள். நீங்கள் சொல்லியிருக்கும் திட்டம் அந்த நல்கைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ஹியூமானிட்டீஸ்' என்பதை மானுடவியல் என்று எழுதினால் அது ஆந்த்ரபாலஜி ஆகிவிடுகிறது. மனிதநேயம் என்றாலோ பொருளே மாறிவிடுகிறது. மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம், சட்டவியல், தொல்லியல், சமய ஒப்பீடு, அறவியல், கலைகளின் வரலாறும் திறனாய்வும் ஆகிய இவற்றையெல்லாம் ஒரு குடைக்கீழ் வைத்துத்தான் அமெரிக்கச் சட்டம் அச்சொல்லை வரையறுக்கிறது. நான் 'மானுடப் புலங்கள்' என்று எழுதுகிறேன்.

அந்தச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 செப்டம்பர் 29 அன்று. அதற்கு நான்கே நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து ஆசிய நாட்டவருக்குக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டத்திலும் அவரே கையெழுத்திட்டார். உங்கள் பெரியவர்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு வழிசெய்த சட்டமும், அவர்கள் வந்த கதையைச் சொல்வதற்குப் பணம் ஒதுக்க வழிசெய்த சட்டமும் ஒரே வாரத்துக்குள் பிறந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே இதை நீங்கள் தாராளமாக எழுதலாம்.

1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய நிறுவனம் பல்கலைக்கழக ஆய்வுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நேரடியாக நிதி வழங்குகிறது. பொதுமக்களிடம் இப்பணி சென்று சேர வேண்டும் என்பதற்காக 1971 முதல் மாநிலந்தோறும் தனித்தனி கவுன்சில்கள் தோன்றின. இன்று ஐம்பது மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், போர்ட்டோ ரிக்கோ, குவாம் உள்ளிட்ட ஐந்து ஆட்சிப்பகுதிகள் எனச் சேர்த்து 56 கவுன்சில்கள் உள்ளன. உங்கள் மாநிலத்துக்கானது சார்லட் நகரில் இயங்குகிறது. இவை பெரும்பாலும் அரசு அலுவலகங்கள் அல்ல, இலாபநோக்கற்ற தனி அமைப்புகள். அந்தத் தேசிய நிறுவனத்திடமிருந்து தமக்கு வரும் நிதியில் ஒரு பகுதியை நூலகம், சிற்றூர் அருங்காட்சியகம், பண்பாட்டுச் சங்கம் போன்றவற்றுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. சிறு நல்கை என்பது சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை இருக்கும். அளவும் கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

படிவத்தைத் தொடுமுன் கவுன்சிலின் நல்கை அலுவலரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். இதைத் தயங்கித் தயங்கித் தள்ளிப்போடுவது நம்மவர் வழக்கம். சிபாரிசுக்காகக் கூப்பிடுவதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்ற அச்சம் வேண்டாம்; விண்ணப்பத்துக்கு முன் பேசும்படி அவர்களே கேட்டுக்கொள்வதுண்டு. நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: பொங்கல் விழாவில் பரதமும் பறையும் வைத்து, முந்நூறு பேருக்கு விருந்தும் அளிக்கிறோம். இதைவிடப் பெரிய பண்பாட்டு நிகழ்ச்சி எங்கள் ஊரில் இல்லை. ஆனாலும் எங்கள் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?
– வாசகர், டாலஸ் அருகே

பதில்: இதே அடி எனக்கும் விழுந்திருக்கிறது. ஆண்டுகள் பல கழிந்துவிட்டன. நான் அப்போது வாழ்ந்த மாநிலத்தில், எங்கள் சிறு குழுவுக்காகப் பொங்கல் விழாவென்றே விண்ணப்பம் எழுதினேன். நடன உடை வாடகை, சமையல், மேடை அலங்காரம் என்று செலவைக் கணக்கிட்டேன். மறுப்புக் கடிதம் மூன்று வரிகளில் வந்தது. மனம் கசந்துபோய், நம்மை இவர்கள் மதிக்கவில்லை என்றே இரண்டு மாதம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னர் அலுவலரிடம் பேசியபோதுதான் பிழை எங்கே என்பது விளங்கிற்று.

நிகழ்த்துகலைக்கு நிதி தருவது கலைகளுக்கான மன்றம். அதுவும் அதே 1965 சட்டத்தில் பிறந்த வேறொரு கிளை. மானுடப் புலங்களுக்கான கவுன்சில் ஆட்டத்துக்குப் பணம் தருவதில்லை. அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது, யார் ஆடினார்கள், யாரை ஆடவிடாமல் செய்தார்கள், பின்பு எப்படி மேடையேறியது என்று ஊரார் கூடிப் பேசுவதற்குத்தான் தருகிறது. சாவு வீட்டில் மட்டும் ஒலிக்கலாம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பறை இன்று அமெரிக்கத் தமிழ்ச் சங்க விழாக்களில் பெருமையோடு முழங்குவது எப்படி என்ற ஒரு கேள்வியை நடுவில் வைத்து, பத்து நிமிடம் அடித்துக் காட்டி, ஒரு மணி நேரம் உரையாடினால் அது முழுக்க முழுக்க அவர்கள் வரையறைக்குள் வரும். முந்நூறு பேர் வேண்டியதில்லை. நாற்பது பேர் போதும், ஆனால் அவர்களில் தமிழரல்லாத அயலாரும் இருக்க வேண்டும். நிகழ்ச்சி எல்லாருக்கும் திறந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதிகளில் முதன்மையானது. விருந்துச் செலவையும் அலங்காரச் செலவையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சமயப் பரப்புரை, கட்சி அரசியல், நிதி திரட்டல் மூன்றும் அறவே கூடாது.

அடுத்த ஆண்டு நாங்கள் 'கடிதங்கள் கடந்த கடல்' என்று ஒரு திட்டத்தை எழுதினோம், கிடைத்தது. நூலகக் கூடத்தில் ஒரு பாட்டி, தம் கணவர் 1972இல் எழுதிய நீல நிற ஏரோகிராமைக் கைப்பையிலிருந்து எடுத்தார். மடிப்புகள் நைந்திருந்தன, ஒட்டும் ஓரம்வரை எழுத்து, இடம் போதாமல் விளிம்பில் செங்குத்தாகவும் எழுத்து. பேத்தி உரக்கப் படிக்கத் தொடங்கி, "நலம், நலமறிய அவா" என்ற முதல் வரியிலேயே நின்று, "அவா என்றால் என்ன, பாட்டி?" என்று கேட்டாள். பாட்டி பதில் சொல்லத் தொடங்கி, சொல்ல முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் எழுந்து, இப்படிப்பட்ட நீலத் தாள்களைத் தாம் ஆண்டுக்கணக்கில் ஊர்வாரியாக வகைப்படுத்தி அடுக்கியதாகவும், உள்ளே என்ன இருக்கும் என்பதை இன்றுதான் அறிவதாகவும் சொன்னார். அந்த நல்கை மொத்தமே ஆயிரத்து ஐந்நூறு டாலர்.

கேள்வி: எவ்வளவு தருகிறார்களோ அதே அளவு நாமும் காட்ட வேண்டும் என்கிறார்கள். கையில் இரண்டாயிரம் டாலர் இருந்தால் நாங்கள் ஏன் கேட்கப் போகிறோம்?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: பல கவுன்சில்கள் அப்படிக் கேட்பது உண்மையே. ஆனால் அது ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உழைப்பையும் பொருளையும் இடத்தையும் பணமதிப்பாக்கிக் காட்டலாம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எட்டுத் தன்னார்வலர்கள் ஆளுக்கு ஐந்து மணி நேரம் உழைத்தால் 40 மணி. மணிக்கு 30 டாலர் என்று வைத்தால் 1,200. நூலகக் கூடம் இலவசமாகக் கிடைக்கிறது, வெளியாருக்கு வாடகை 100 டாலர் என்றால் மூன்று நிகழ்ச்சிக்கு 300. உரையாற்ற வரும் பேராசிரியர் வழக்கமாகப் பெறும் 500 டாலரில் 200 மட்டும் வாங்கிக்கொண்டால், விட்டுக்கொடுத்த 300. ஒலிப்பதிவுக் கருவியை நண்பர் இரவலாகத் தருகிறார், அதன் வாடகை மதிப்பு 200. கூட்டினால் 2,000 ஆகிவிட்டது. மணிக்கூலியாக எந்தத் தொகையை ஏற்பார்கள் என்பதைக் கவுன்சிலே சொல்லும்.

ஆனால் எழுதி வைக்க வேண்டும். யார், எந்த நாளில், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று குறித்து அன்றன்றே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நம் சங்கங்களில் இரவு பகலாக உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு ஒரு துண்டுத் தாளில்கூடச் சான்று இருப்பதில்லை. மற்றொன்று: கூட்டாட்சி அரசின் வேறொரு நிதியிலிருந்து வந்த பணத்தை இதற்கு ஈடாகக் காட்ட இயலாது. நூலகம் தரும் பங்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டம் பதிவு செய்யப்படவில்லை. நான் தனியாக விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, சியாட்டில்

பதில்: இத்தகைய நல்கைகள் பொதுவாக அமைப்புகளுக்கே. பதிவு பெற்ற ஓர் அமைப்பு அல்லது நூலகம் உங்களுக்காக விண்ணப்பித்துப் பணத்தைப் பெற்றுக் கணக்கும் வைக்கலாம். இது வழக்கில் உள்ள முறைதான். அந்த அமைப்புக்குக் கூட்டாட்சி அரசின் பன்னிரண்டு எழுத்து–எண் கொண்ட அடையாளக் குறியீடு தேவைப்படலாம். கட்டணம் கிடையாது, ஆனால் கிடைக்க நாளாகும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள்.

கேள்வி: 'அறிஞர் ஒருவர் பங்கேற்க வேண்டும்' என்ற விதி இருக்கிறது. எங்கள் ஊரில் தமிழ்ப் பேராசிரியர் எவரும் இல்லையே?
– வாசகர், டெஸ் மொயின்ஸ், அயோவா

பதில்: தமிழ்ப் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டுமா? புலம்பெயர்வு வரலாறு கற்பிக்கும் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் வந்தால் உரையாடல் இன்னும் விரிவாகும். உங்கள் பெரியவர்களின் அனுபவத்தை, அயோவாவில் முன்னர் வந்து குடியேறிய மக்களின் அனுபவத்தோடு அவர் இணைத்துக் காட்டுவார். பட்டம் இல்லாவிட்டாலும் மரபறிவு உடையவர்களை அறிஞராக ஏற்கும் கவுன்சில்களும் உண்டு. நாற்பது ஆண்டுகளாகக் கும்மிப்பாட்டு நினைவில் வைத்திருக்கும் ஒரு அம்மா அந்த வரிசையில் வருவார் என்பதே என் உறுதியான எண்ணம். அவருக்கும் பேராசிரியருக்கும் ஒரே மதிப்பூதியம் எழுதுங்கள்.

கேள்வி: 2025இல் இந்த நிதியெல்லாம் நிறுத்தப்பட்டுவிட்டதாகப் படித்தேனே?
– வாசகர், அட்லாண்டா

பதில்: 2025 ஏப்ரல் தொடக்கத்தில், மாநிலக் கவுன்சில்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த நல்கைகளை மேலே சொன்ன தேசிய நிறுவனம் திடீரென ரத்து செய்தது. நிகழ்ச்சிகள் நின்றன, பணியாளர்கள் வேலையிழந்தார்கள். அம்மாத இறுதியில் மெலன் அறக்கட்டளை ஒன்றரைக் கோடி டாலரை அவசர உதவியாக அறிவித்து 56 கவுன்சில்களுக்கும் கைகொடுத்தது. ஆரிகன் மாநிலக் கவுன்சிலும் கவுன்சில்களின் கூட்டமைப்பும் தொடுத்த வழக்கில், ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அவர்களுக்குச் சாதகமாக இடைக்காலத் தடை விதித்தார்.

இந்த அதிர்வுக்குப் பின் ஒவ்வொரு கவுன்சிலின் நிலையும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதால், உங்கள் கவுன்சிலில் நல்கைச் சுற்று இப்போது திறந்திருக்கிறதா என்று நேரில் கேட்பதே சரி. திறந்திருக்கவில்லை என்றால், அந்தக் கவுன்சிலுக்கு இருபது டாலர் நன்கொடை அனுப்புங்கள். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக அறுபது இலட்சம் டாலர் திரட்டிக் காட்டிய சமூகம் நாம். நமக்குக் கூடம் தந்து, நம் பாட்டிமார் பேச நாற்காலி போட்ட அமைப்புகளுக்கு ஒரு சிறு தொகை தருவது நமக்குப் பெரிதல்ல.

கேள்வி: பதிவு செய்த ஒலிநாடாக்களை, அதாவது கோப்புகளை, பிறகு என்ன செய்வது? சென்ற முறை எடுத்தவை ஒருவருடைய மடிக்கணினியோடு போய்விட்டன.
– வாசகி, ராலே (மேலே எழுதியவரே)

பதில்: பதிவுக்கு முன்பே பேசுபவரிடம், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒப்புதல் தாளில் கையெழுத்து பெறுங்கள், எந்தப் பகுதியை வெளியிட வேண்டாம் என்று சொல்ல அதில் இடம் விடுங்கள். பதிவு முடிந்த அன்றே மூன்று படிகள் எடுக்க வேண்டும்: ஒன்று நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு, ஒன்று உங்கள் பள்ளிக்கு, ஒன்று பேசியவரின் குடும்பத்துக்கு. கோப்பின் பெயரில் பேசியவரின் பெயரும் நாளும் சொந்த ஊரும் இருக்கட்டும். குடும்பத்துக்கான படியைத் தபாலில் அனுப்பாமல், பேட்டி எடுத்த பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். பேட்டியில் சொல்ல மறந்ததை அவர்கள் அப்போது சொல்வார்கள், ஒலிப்பதிவுக் கருவியையும் பிள்ளை உடன் எடுத்துப் போகட்டும்.