வாசகர் கேள்வி: சோயா இலையில் புள்ளி, துரு, தேமல்

கேள்வி: மூன்றாவது வருஷமாக ஒரே வயலில் சோயா. 30 நாள் பயிரிலேயே அடி இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்கிறது. உழவில்லாமல் போன அறுவடையின் தாள்மேலேயே விதைத்தது காரணமா? உழுதுவிட்டால் எல்லா இலை நோயும் போய்விடுமா?

பதில்: பழுப்புப் புள்ளிக்கு அதுவே காரணம். தாளுடன் மூன்று வருஷமும் சோயாவே போட்டதும் சேர்ந்துகொண்டது. இந்தப் பூஞ்சையும், தவளைக்கண் புள்ளி என்ற இன்னொரு இலை நோயின் பூஞ்சையும் பழைய சோயாச் சருகில் தங்கும். பழுப்புப் புள்ளி, மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிக்கும்போது முதலில் அடி இலையில்தான் ஏறும். தாளை மடக்கி உழுது, ஒரு வருஷமாவது மக்காச்சோளம் அல்லது சோளம் போடுங்கள். மண் அரிக்கும் சரிவு நிலமா? அப்படியானால் உழவை விடலாம், பயிர் மாற்றத்தை விடக் கூடாது.

துரு நோய் வேறு கதை. அதற்குப் பச்சை இலை வேண்டும், காய்ந்த தாளில் பிழைக்காது. காற்றில் வருவதால் உங்கள் உழவு அதைத் தடுக்காது. கர்நாடகத்தின் பெல்காம், மகாராஷ்டிரத்தின் சாங்லி, கோலாப்பூர் பக்கம் கோடையில் பாசனத்தில் நிற்கும் சோயாவே மழைக்காலப் பயிருக்குத் துருவைக் கைமாற்றுகிறது. துருவுக்குப் பச்சை இலை கிடைக்காதிருக்க, பிரேசிலில் ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள், தானாக முளைத்த சோயாச் செடிகூட வயலில் நிற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

கேள்வி: ஏக்கருக்கு 40 கிலோ விதை, வரிசைக்கு 30 செ.மீ. இடைவெளி. மாலையில் தெளிப்பு நீர் விடுகிறேன். சரியா?

பதில்: விதை அதிகம். 26 முதல் 28 கிலோ போதும். வரிசைக்கு 45 செ.மீ., செடிக்குச் செடி 5 முதல் 7 செ.மீ. விடுங்கள். நெருக்கிப் போட்டால் உள்ளே காற்றோட்டம் இருக்காது, பனி காயாது. இலை தொடர்ந்து 6 மணி நேரம் ஈரமாக இருந்தாலே துரு தொற்றிவிடும். மாலைத் தண்ணீர் இரவுப் பனியோடு சேர்ந்து அந்த நேரத்தை நீட்டும். பனி இருக்கும் காலையிலேயே விட்டு, வெயிலில் காயவிடுங்கள். ஈர இலையில் களையெடுக்க ஆள் இறக்க வேண்டாம், பாக்டீரியாக் கொப்புளம் என்ற இலை நோய் கையிலும் துணியிலும் ஒட்டிப் பரவும். இதைத் துரு என்று நினைத்துப் பூஞ்சைக்கொல்லி அடிப்பவர்கள் அநேகம். துருக் கொப்புளத்தில் பொடி இருக்கும், இதில் இராது.

கேள்வி: பக்கத்து வயலில் உளுந்து. எங்கள் சோயாவில் மஞ்சள் தேமல்.

பதில்: இது வைரஸ் நோய், கடத்துவது வெள்ளை ஈ. உளுந்து, பாசிப்பயறிலும் இந்த நோய் வரும். அதனால் அடுத்த முறை உளுந்து, பாசிப்பயறு பக்கத்தில் வேண்டாம். விதைக்குமுன் கிலோ விதைக்கு 10 மி.லி. தயாமீதாக்சாம் 30 எஃப்.எஸ். என்ற விதைநேர்த்திப் பூச்சிக்கொல்லி கலந்து விதையுங்கள். தேமல் கண்ட செடியை உடனே பிடுங்கிப் புதையுங்கள். தழைச்சத்து கூட்டினால் செடி கொழுத்து ஈயும் கூடும். யூரியா மேலுரம் தேவையில்லை.